ஒரு கோடு மட்டும்

ஏழாங்கட்டை கிளப் மண்டபத்தில்
பூப்பந்து வலையைச் சுருட்டி ஓரமாகப் போட்டுவிட்டு
இங்கிலீஷ் பரீட்சை வைத்தார்கள்.
நாங்கள் பதினொரு பேர்.
தேறினால் மாதம் நூற்றிருபது வெள்ளி கூட.

பதினாலாவது கேள்வி:
லைட். எதிர்ச்சொல் எழுதுக.
பக்கத்தில் ஒரே ஒரு கோடு,
என் சுண்டுவிரல் நீளத்துக்கு.

எந்த லைட் என்று கேட்கக் கையைத் தூக்கினேன்.
கோலாலம்பூரிலிருந்து வந்திருந்த கண்காணிப்பாளர்
கழிப்பறை அந்தப் பக்கம் என்று
விரலை நீட்டினார்.

நான் ஆலையில் எடைப்பாலத்துக் கிராணி.
செம்பனைக் குலையோடு லாரி ஏறி நிற்கும், ஒரு எண்.
கொட்டிவிட்டுத் திரும்பி வரும், இன்னொரு எண்.
ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால்தான் பழம்.
குலை வெட்டும் ஷொஹாக் சன்னலில் எட்டிப் பார்த்து
ஏன் இவ்வளவு ரிங்கான் என்று மலாயில் கேட்பான்.
மூன்று மாதமாக மழையில்லை, வேறென்ன.
அவனுக்கு எதிர்ச்சொல் தெரியும்.
மாதக் கடைசியில் வீட்டுக்கு அனுப்புகிற பணத்தில்
அது குறைகிறது.

ஆ ஹொக் கடையில் அது கௌ.
சாயம் இறங்கி, பல்லில் ஒட்டி,
பகல் ஷிப்டு முடியும்வரை விடாத தேத்தண்ணி.
கௌ என்று எழுதினால் மார்க்கு உண்டா?

கரண்டு கம்பி வராத காலத்தில்
லயத்துக்கு இன்ஜின் போடுவார்கள்.
லைட்டுக்கு எதிர்ச்சொல்
அப்போது பத்து மணி.

நாத்தனார் மரகதம் மகளுக்கு வரன் பார்க்கையில்
பையன் கலர் லைட்டா என்றாள்.
தரகர் போட்டோவை நீட்டினார்.
அவள் எதிர்ச்சொல்லை வாயால் சொல்லவில்லை,
போட்டோவைக் கவிழ்த்து வைத்தாள்.
அந்தப் பையன் சரியாக என் நிறம்.
நான் முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

மணி அடிக்க இருபது நிமிடம்.
முன்வரிசையில் தவநேசன் பேப்பரைக் கட்டிக்கொடுத்துவிட்டான்.

என் வீட்டுக்காரர் அஞ்சப்பன்
லைட்டா வலிக்குது என்பார்.
தீபாவளிக்கு முன்னே லைட்டா.
சீனப் பெருநாளுக்கும் லைட்டா.
தைப்பிங் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா
படத்தை வெள்ளை வெளிச்சத்தில் மாட்டிவிட்டு
எத்தனை நாளாக என்றபோதும்
லைட்டாதான் என்றார், சிரித்துக்கொண்டே.
டாக்டரம்மா ஒரு சொல் சொன்னார்.
மலாயிலும் அதே சொல், தமிழிலும் அதே சொல்.
எனக்கு மொழிபெயர்க்க வேலை இல்லாமல் போயிற்று.

எண்பத்து நாலு கிலோ ஆள்.
டயர் மாற்ற ஜாக்கி தேடாதவர்.
போன ஞாயிற்றுக்கிழமை ஆலை சும்மா கிடந்தபோது
பிடிவாதமாக எடைப்பாலத்தில் ஏறி நின்றார்.
இருபது இருபதாகத்தான் எண்ணும் எங்கள் பாலம்,
மனுசருக்குச் செய்ததில்லை.
அறுபது என்றது.
சீட்டு அடி என்றார்.
லாரி நம்பர் என்று இருக்கிற இடத்தில்
என்ன போடட்டும் என்றேன்.
காலி வண்டி என்று போடு என்றார்.
இறங்கினார்.
திரையில் சுழி.

குளியலறைக்கு இப்போது நான்தான் தூக்கிப் போகிறேன்.
முதுகு வலிக்கவில்லை.
அதைத்தான் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

கோட்டில் ஹெவி என்று எழுதினேன்.
அவர்கள் கேட்டது அதைத்தான்.
நூற்றிருபது வெள்ளி,
பால்மாவு டின் இரண்டு, தைப்பிங்குக்குப் போகவர வண்டிக் காசு.
மற்றதை எழுத இடமும் விடவில்லை.

மோட்டார் சைக்கிளை வாசலில் நிறுத்தினேன்.
வீட்டுக்குள் வெளிச்சமில்லை.
பல்பு போகவில்லை,
கண் கூசுகிறதென்று அவரே அணைத்திருந்தார்.
கட்டிலிலிருந்து குரல் மட்டும் வந்தது:
கஷ்டமா இருந்துச்சா?

லைட்டா, என்றேன்
செருப்பைக் கழற்றிக்கொண்டே.